கடையில் சர்வர், வெளியூரில் நீங்கள்: ரிமோட் கன்சோல் அமைப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சில மாதங்களிலேயே கேட்கத் தொடங்கும் கேள்வி ஒன்று உண்டு. "வீட்டில் இருந்தபடியே கடையில் உள்ள கம்ப்யூட்டரை இயக்க முடியுமா?" என்பதுதான் அது. முடியும். ஆனால் எப்படி இயக்குகிறோம் என்பதைப் பொறுத்து, அது உங்கள் கடையைக் காப்பாற்றவும் செய்யும். கடைக் கணக்கு முழுவதையும் முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுத்துவிடவும் செய்யும். எனவே இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பொன்னமராவதி போன்ற ஊர்களில் இந்தக் கேள்விக்கு அவசரமும் உண்டு. கடை ஊரில் இருக்கிறது. கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் சென்னையிலோ, பெங்களூருவிலோ, சிங்கப்பூரிலோ வேலை பார்க்கிறார்கள். ஒரு மொத்த வியாபாரக் கடையை எடுத்துக்கொள்வோம். பில் போடுவது, சரக்கு இருப்பு, பற்று வரவு, ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம் பின்னறையில் உள்ள ஒரே சர்வரில் இருக்கின்றன. ஒரு நாள் காலையில் அது நின்றுவிடுகிறது. சென்னைக்குப் போன் போகிறது.

"தம்பி, பில் போட முடியல."

"திரையில என்ன வருதுண்ணே?"

"நீலக் கலர்ல ஏதோ இங்கிலீஷ்ல வருது தம்பி."

இதை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் எதையும் சரி செய்ய முடியாது. அந்தத் திரையைக் கண்ணால் பார்க்க வேண்டும். கீ போர்டில் கை வைக்க வேண்டும். இல்லையென்றால் ஓர் இரவு பஸ் பயணம்தான். அதுவரை கடையில் பில் புத்தகமும் பேனாவும்!

சர்வர் என்பது என்ன? கன்சோல் என்பது என்ன?

சர்வர் என்றதும் பெரிய இயந்திரம் ஒன்றை நினைத்துப் பயப்பட வேண்டாம். மற்ற கம்ப்யூட்டர்கள் கேட்பதை எடுத்துக் கொடுக்கும் கம்ப்யூட்டர் எதுவும் சர்வர்தான். கவுன்டரில் உள்ள மூன்று கம்ப்யூட்டர்களும் கணக்கு பைல்களை ஒரே இடத்திலிருந்து எடுத்தால், அந்த இடமே சர்வர்.

கன்சோல் என்பது, அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தால் கிடைக்கும் திரையும் கீ போர்டும். இதைத் தூரத்தில் கொண்டுவந்து வைத்துக்கொண்டால் அது ரிமோட் கன்சோல். இது புதிய சங்கதி அல்ல. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு தரத் தொடங்கியது. அப்போது பலர் வாங்கியது 'ஷெல் அக்கவுன்ட்' என்ற வகை. மோடம் மூலம் டயல் செய்தால், வி.எஸ்.என்.எல். சர்வரின் எழுத்துத் திரை வீட்டுக் கம்ப்யூட்டரில் தெரியும். படம் கிடையாது, மவுஸ் கிடையாது. கட்டளைகளைத் தட்டித்தான் மெயில் படிக்க வேண்டும். நம்மில் பலர் இணையத்தில் வைத்த முதல் அடியே தூரத்துச் சர்வரின் கன்சோலில்தான்!

மூன்று வாசல்கள்

தூரத்துச் சர்வருக்குள் நுழைய இன்று மூன்று வாசல்கள் உள்ளன.

முதல் வாசல், ரிமோட் டெஸ்க்டாப். சர்வரின் விண்டோஸ் திரை அப்படியே உங்கள் திரையில் வரும். மவுஸ் கொண்டு வேலை பார்க்கலாம். புதியவர்களுக்கு இதுவே எளிது. இங்கே இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸ் ஹோம் பதிப்பு உள்ள கம்ப்யூட்டருக்குள் இப்படி நுழைய முடியாது. சர்வராக இருப்பதில் ப்ரோ பதிப்போ, விண்டோஸ் சர்வர் பதிப்போ இருக்க வேண்டும். நுழைகிறவரின் கம்ப்யூட்டரில் ஹோம் பதிப்பு இருந்தாலும் போதும். அடுத்து, ப்ரோ பதிப்பில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை பார்க்கலாம். நீங்கள் சென்னையிலிருந்து உள்ளே நுழைந்ததும் கடையில் உள்ள திரை பூட்டிக்கொள்ளும். சர்வரிலேயே பில்லும் போடுகிறார்கள் என்றால், வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும் நேரத்தில் நுழையாதீர்கள்.

இரண்டாம் வாசல், எஸ்.எஸ்.ஹெச். இது எழுத்துக் கட்டளை வழி. லினக்ஸ் சர்வர்களுக்கு இதுதான் வழக்கம். இதற்கு முன்னால் டெல்நெட் என்று ஒன்று இருந்தது. அதில் தட்டும் பாஸ்வேர்ட் அப்படியே திறந்த தபால் அட்டை போலப் போகும். வழியில் இருப்பவர் படித்துவிடலாம். 1995ல் பின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் அப்படிப் பாஸ்வேர்டுகள் களவு போயின. அதன் பிறகு அங்கிருந்த டாட்டு யூலோனன் எழுதிய ப்ரோகிராமே எஸ்.எஸ்.ஹெச். இதில் எல்லாம் பூட்டிய உறையில் போகும். விண்டோஸ் 11ல் இதற்கான ப்ரோகிராம் உடனேயே வருகிறது. தனியாக வாங்க வேண்டியதில்லை.

மூன்றாம் வாசல்தான் உண்மையான கன்சோல். முதல் இரண்டு வாசல்களும் சர்வரில் விண்டோஸோ லினக்ஸோ நன்றாக ஓடிக்கொண்டிருந்தால்தான் திறக்கும். நீலத் திரையில் நின்றுவிட்டால் இரண்டும் பூட்டுதான். மூன்றாம் வாசலுக்கு அந்தக் கவலை இல்லை. சர்வர் பூட் ஆகும்போது வரும் முதல் எழுத்திலிருந்து, பயாஸ் திரை உட்பட, எல்லாவற்றையும் பார்க்கலாம். சர்வரை அணைத்து மீண்டும் ஆன் செய்யலாம்.

கம்பெனி சர்வர்களில் இதற்கென்றே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் மதர்போர்டில் பொருத்தப்பட்டிருக்கும். ஹெச்.பி. சர்வர்களில் இதன் பெயர் ஐலோ. டெல் சர்வர்களில் ஐடிராக். சர்வரின் பின்பக்கம் இதற்குத் தனி லேன் போர்ட் பெரும்பாலும் இருக்கும். சர்வர் அணைந்திருந்தாலும், பவர் கேபிளில் மின்சாரம் இருந்தால் போதும், இது விழித்திருக்கும். வாங்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். திரையை முழுமையாகக் காட்டும் வசதிக்குப் பல மாடல்களில் தனி லைசென்ஸ் வேண்டும். ஐலோவில் 'அட்வான்ஸ்டு' என்றும், ஐடிராக்கில் 'என்டர்ப்ரைஸ்' என்றும் அதற்குப் பெயர்.

நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரே சர்வராக இருக்கும். அதற்கும் வழி இருக்கிறது. 'கே.வி.எம். ஓவர் ஐ.பி.' என்ற சிறு பெட்டி கிடைக்கிறது. அதன் ஒரு கேபிளை மானிட்டர் செருகும் ஹெச்.டி.எம்.ஐ. போர்ட்டிலும், இன்னொன்றை யு.எஸ்.பி. போர்ட்டிலும், மூன்றாவதை லேனிலும் செருக வேண்டும். சர்வர் அதைத் தன் மானிட்டர், கீ போர்ட் என்று நினைத்துக்கொள்ளும். நீங்கள் பிரவுசரில் அந்தத் திரையைப் பார்ப்பீர்கள். ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டரில் இயங்கும் 'பை கே.வி.எம்.' இந்த வகைதான். சில பெட்டிகளில் சர்வரின் பவர் பட்டன் வயரையும் இணைக்கலாம்.

2024 ஜூலை 19 சொன்ன பாடம்

மூன்றாம் வாசல் எதற்கு என்று யோசிப்பவர்களுக்கு அந்த ஒரு நாள் போதும். க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அன்று அனுப்பிய அப்டேட் பைல் ஒன்றில் பிழை இருந்தது. அந்த மென்பொருள் இருந்த விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் உலகெங்கும் நீலத் திரையில் நின்றன. பாதிக்கப்பட்டவை சுமார் 85 லட்சம் என்று மைக்ரோசாப்ட் கணக்கிட்டது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, தீர்வு மிக எளிது என்பதுதான். கம்ப்யூட்டரை சேஃப் மோடில் திறந்து, ஒரே ஒரு பைலை அழித்துவிட்டு, மீண்டும் ஆன் செய்தால் போதும். ஆனால் சேஃப் மோடுக்குப் போக, பூட் ஆகும் நேரத்தில் திரையும் கீ போர்டும் கையில் வேண்டும். ரிமோட் டெஸ்க்டாப் அதற்கு உதவாது. எனவே பல இடங்களில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் ஆள் நேரில் போக வேண்டியிருந்தது. கன்சோல் வசதி இருந்த சர்வர்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே சரி செய்ய முடிந்தது.

அன்று பலரை இன்னொன்றும் தடுத்தது. ஹார்ட் டிஸ்க் பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருந்தால், சேஃப் மோடுக்குப் போகும்போது 48 இலக்க ரிகவரி எண் கேட்கப்படலாம். அந்த எண்ணை அதே சர்வரில் சேமித்து வைத்திருந்தால் என்ன பயன்? இன்றே அதைத் தாளில் அச்சிட்டு, கடைப் பத்திரங்களோடு பீரோவில் வையுங்கள்.

பாதை சர்வர் வழியே போகக் கூடாது

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால், இந்தத் தலைப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுவதும் நின்றன. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, அந்த நிறுவனத்தின் டேட்டா சென்டர்களை இணைக்கும் நெட்வொர்க்கையே துண்டித்துவிட்டது. என்ஜினியர்கள் தூரத்திலிருந்து உள்ளே நுழைய வைத்திருந்த வழியும், அவசரத்துக்கு என்று வைத்திருந்த மாற்று வழியும் அதோடு சேர்ந்து படுத்துவிட்டன. கடைசியில் டேட்டா சென்டருக்கு ஆட்களை நேரில் அனுப்பியே சரி செய்தார்கள்.

அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு நேர்ந்தது பொன்னமராவதிக் கடைக்கும் நேரலாம். சர்வருக்கு வரும் பாதுகாப்பான பாதையை அந்த சர்வரிலேயே அமைத்தால், சர்வர் படுத்த அன்று பாதையும் படுத்துவிடும். கன்சோல் பெட்டி பக்கத்திலேயே விழித்திருக்கும். ஆனால் அதைத் தொட வழி இருக்காது. கிணற்றில் விழுந்தவனை எடுக்கும் கயிறு அவன் இடுப்பிலேயே சுற்றியிருந்தது போல!

செய்யக் கூடாத ஒன்று

ரவுட்டரில் 'போர்ட் பார்வேர்டிங்' என்ற பகுதி இருக்கும். போர்ட் என்பது கம்ப்யூட்டரின் கதவு எண். ரிமோட் டெஸ்க்டாப் 3389ம் எண் கதவு, எஸ்.எஸ்.ஹெச். 22ம் எண் கதவு. ரவுட்டரில் 3389ஐச் சர்வருக்குத் திருப்பிவிட்டால் ஐந்தே நிமிடத்தில் சென்னையிலிருந்து உள்ளே வந்துவிடலாம். பலர் இப்படித்தான் செய்துவைத்திருக்கிறார்கள்.

செய்யாதீர்கள். உங்களுக்குத் திறக்கும் கதவு உலகத்துக்கே திறக்கும். இணையத்தில் எந்தெந்த முகவரியில் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று இடைவிடாமல் தட்டிப் பார்க்கும் ப்ரோகிராம்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அவற்றுக்குக் கடை பெரியதா சிறியதா என்பது ஒரு பொருட்டே இல்லை. கதவு கிடைத்ததும் பாஸ்வேர்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்க்கும். பாஸ்வேர்ட் பலமாக இருந்தாலும் போதாது. 2019 மே மாதம் மைக்ரோசாப்ட் 'ப்ளூகீப்' என்ற ஓட்டையை அறிவித்தது. விண்டோஸ் 7 போன்ற பழைய பதிப்புகளின் ரிமோட் டெஸ்க்டாப்பில் இருந்த இந்த ஓட்டை வழியே, பாஸ்வேர்ட் இல்லாமலேயே உள்ளே நுழைய முடியும். ஆதரவு நின்றுபோன விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட அப்போது திருத்தம் வெளியிட்டார்கள் என்றால் ஆபத்தின் அளவைப் புரிந்துகொள்ளலாம்.

உள்ளே நுழைந்தவர் என்ன செய்வார்? கணக்கு பைல்களை எல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார். 2022 நவம்பர் 23 அன்று டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் ஐந்து சர்வர்கள் இப்படிப் பூட்டப்பட்டன. சுமார் 1.3 டெராபைட் டேட்டா. நோயாளிகளின் பதிவு பல நாட்கள் கையால் நடந்தது. நெட்வொர்க்கைச் சரியாகப் பகுதி பகுதியாகப் பிரிக்காததே காரணம் என்று அரசு பின்னர் பாராளுமன்றத்தில் தெரிவித்தது. பாதிக்கப்படாத பேக்கப் சர்வர் ஒன்று இருந்ததால் டேட்டாவை மீட்டார்கள். இந்த இரண்டு பாடங்களும் நமக்கும் பொருந்தும்: அறைகளைப் பிரித்து வையுங்கள்; பேக்கப்பைத் தனியே வையுங்கள்.

படிப்படியாக அமைப்போம்

இனி வேலையில் இறங்கலாம். நாம் அமைக்கப்போவது வி.பி.என். என்ற சுரங்கப் பாதை. உங்கள் லேப்டாப்புக்கும் கடை நெட்வொர்க்குக்கும் இடையே பூட்டிய ஒரு குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாசல்களும் கடைக்குள்ளேயே இருக்கும், தெருவுக்குத் தெரியாது.

1. முதலில் உங்கள் இணைப்பு எப்படிப்பட்டது என்று பாருங்கள். கடை ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் 'வான் ஐ.பி.' என்று ஓர் எண் இருக்கும். அது 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்களில் தொடங்கினால், உங்களுக்குத் தனிப் பொது முகவரி தரப்படவில்லை. பல வாடிக்கையாளர்கள் ஒரே முகவரியைப் பகிர்கிறீர்கள் என்று பொருள். வெளியிலிருந்து நேரே உங்கள் ரவுட்டருக்கு வர முடியாது. இணைப்பு தருபவரிடம் 'ஸ்டாட்டிக் ஐ.பி.' கேட்டு வாங்குங்கள். அல்லது, இரு பக்கமும் வெளியே போய் நடுவில் சந்திக்கும் டெய்ல்ஸ்கேல் போன்ற சேவையைப் பயன்படுத்துங்கள். அதைத் தேர்ந்தெடுத்தால் மூன்றாம் படியில் வரும் ரவுட்டர் வேலை தேவைப்படாது.

2. வி.பி.என். எங்கே இருக்க வேண்டும்? சர்வரில் அல்ல. ரவுட்டரிலேயே அந்த வசதி இருந்தால் அதில் அமையுங்கள். இல்லையென்றால் ராஸ்பெரி பை போன்ற ஒரு குட்டிக் கம்ப்யூட்டரை ரவுட்டர் பக்கத்தில் வையுங்கள். அதன் ஒரே வேலை, பாதைக்குக் காவல் நிற்பது.

3. அதில் வயர்கார்டு என்ற இலவச மென்பொருளை அமையுங்கள். 2020 முதல் இது லினக்ஸின் கெர்னலிலேயே சேர்ந்து வருகிறது. உங்கள் விண்டோஸ் லேப்டாப்பிலும் வயர்கார்டை நிறுவி, 'ஆட் எம்ப்டி டனல்' என்பதில் க்ளிக் செய்தால் இரண்டு சாவிகள் தாமாகவே உருவாகும். ஒன்று ரகசியச் சாவி. மற்றது பொதுச் சாவி. பொதுச் சாவியை மட்டும் எதிர்ப்பக்கத்தில் பதிய வேண்டும். ரகசியச் சாவி லேப்டாப்பை விட்டு வெளியே போகவே கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது. ரவுட்டரில் வயர்கார்டுக்கான ஒரே ஒரு கதவை, வழக்கமாக 51820 யு.டி.பி., காவல் பெட்டிக்குத் திருப்பிவிடுங்கள். இந்தக் கதவை மட்டும் ஏன் திறக்கலாம் என்று கேட்பீர்கள். சரியான சாவி இல்லாதவர் தட்டினால் வயர்கார்டு பதிலே சொல்லாது. அங்கே ஒரு கதவு இருப்பதே தட்டுகிறவருக்குத் தெரியாது.

4. சர்வருக்கும் கன்சோலுக்கும் மாறாத உள் முகவரி கொடுங்கள். ரவுட்டரில் முகவரியை ஒதுக்கி வைக்கும் வசதி இருக்கும். இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

5. இப்போது முதல் வாசல். சர்வரில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிமோட் டெஸ்க்டாப் என்று சென்று ஆன் செய்திடுங்கள். லேப்டாப்பில் வி.பி.என்.ஐ இயக்கிவிட்டு, ஸ்டார்ட் மெனுவில் 'ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன்' என்பதைத் திறந்து, சர்வரின் உள் முகவரியைத் தட்டி என்டர் அழுத்துங்கள். யூசர் நேம், பாஸ்வேர்ட் கேட்கும். கொடுத்தால் கடைத் திரை உங்கள் முன்னால்.

6. லினக்ஸ் சர்வர் என்றால் இரண்டாம் வாசல். இங்கும் முதலில் வி.பி.என்.ஐ இயக்குங்கள். பிறகு லேப்டாப்பில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து எஸ்.எஸ்.ஹெச். என்ற மூன்று எழுத்துகளை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டி, ஓர் இடம் விட்டு, யூசர் நேம், அட் குறி, சர்வரின் உள் முகவரி என்று இடைவெளி இல்லாமல் தட்டுங்கள். முதல் முறை ஒரு நீளமான கைரேகைக் குறியைக் காட்டி, "இந்தச் சர்வரை நம்பலாமா?" என்று கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு 'யெஸ்' தட்டாதீர்கள். கடையில் இருக்கும்போதே அந்தக் குறியைக் குறித்துவைத்து ஒப்பிடுங்கள். பின்னாளில் குறி மாறிவிட்டது என்று எச்சரிக்கை வந்தால், சர்வரில் புதிதாக லினக்ஸ் போட்டிருக்கலாம். அல்லது வேறு யாரோ நடுவில் நிற்கலாம். காரணம் தெரியும் வரை பாஸ்வேர்ட் தராதீர்கள். பழகிய பிறகு பாஸ்வேர்டுக்குப் பதில் சாவி முறைக்கு மாறிவிடுங்கள். அப்படி மாற்றும்போது, ஏற்கெனவே திறந்திருக்கும் விண்டோவை மூடாமல், இன்னொரு விண்டோவில் நுழைய முடிகிறதா என்று பார்த்த பிறகே முதல் விண்டோவை மூடுங்கள். இல்லையேல் உங்களை நீங்களே வெளியே வைத்துப் பூட்டிக்கொள்வீர்கள்.

7. மூன்றாம் வாசல். ஐலோ, ஐடிராக், கே.வி.எம். பெட்டி எதுவானாலும், வந்த நாளன்றே அதன் தொடக்க பாஸ்வேர்டை மாற்றுங்கள். இந்த வாசலில் நுழைந்தவர் சர்வரின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குச் சமம்; ஹார்ட் டிஸ்க்கையே அழிக்க முடியும். எனவே இதை ஒருபோதும் நேரடியாக இணையத்தில் விடாதீர்கள். கடைக்கு வரும் வாடிக்கையாளர்களுக்கு வைஃபை தருகிறீர்கள் என்றால், ரவுட்டரில் 'கெஸ்ட்' நெட்வொர்க்காகப் பிரித்துக் கொடுங்கள்.

8. மின்சாரம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை வரும் நாளில் சர்வருக்கு மட்டும் யு.பி.எஸ். இருந்தால் போதாது. ரவுட்டர், பைபர் பெட்டி, காவல் பெட்டி, கன்சோல் பெட்டி நான்கையும் யு.பி.எஸ்.ஸில் செருகுங்கள். இவை நான்கும் குறைந்த மின்சாரத்தில் ஓடுபவைதான். பயாஸ் அமைப்பில், மின்சாரம் திரும்பியதும் சர்வர் தானாக ஆன் ஆகும்படி ஒரு வசதி இருக்கும். அதையும் இயக்கி வையுங்கள்.

யாரிடம் சாவி?

இந்தப் பகுதியிலிருந்து அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வட்டிக்கடை வைக்கப் போன நகரத்தார், கடல் கடந்த கடையை ஏஜெண்டுகளை வைத்தே நடத்தினார்கள். பெரும்பாலும் மூன்று ஆண்டுத் தவணை. முதலாளியின் சார்பில் கையெழுத்திட ஏஜெண்டுக்கு அதிகாரப் பத்திரம் இருக்கும். தவணை முடிந்து அடுத்தவர் போகும்போது அதிகாரமும் கைமாறும். கணக்கு ஊருக்கு வந்துகொண்டே இருக்கும்.

சர்வருக்கும் அதே நியாயம்தான். ஒரே பாஸ்வேர்டைக் கணக்காளர், கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவர், மகன் என்று எல்லோருக்கும் கொடுக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் தனி யூசர், தனிச் சாவி. யார் எப்போது வந்தார் என்பது பதிவாகும். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அன்று மாலையே அவர் சாவியை மட்டும் நீக்குங்கள். மற்றவர்கள் பாதிக்கப்பட மாட்டார்கள்.

வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. யாரோ போனில் வங்கி அதிகாரி என்று சொல்லி, திரையைத் தூரத்திலிருந்து பார்க்கும் ஆப் ஒன்றை நிறுவச் சொல்வார். திரையில் வரும் எண்ணைப் படிக்கச் சொல்வார். அந்த எண்தான் உங்கள் கன்சோலின் சாவி! இப்படிப்பட்ட மோசடி பற்றி 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளையும் எச்சரித்தது. நீங்களாகக் கூப்பிடாத எவருக்கும் திரையைக் காட்டாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

ஒத்திகை பாருங்கள்

எல்லாம் அமைத்தாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது, கடை மூடிய பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கடையின் வைஃபையில் இல்லாமல், மொபைல் டேட்டாவில் லேப்டாப்பை இணைத்துக்கொண்டு இவற்றைச் செய்து பாருங்கள்.

அன்றைய கணக்கை பேக்கப் எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றித் தனியே வையுங்கள். செருகியே இருக்கும் பேக்கப் டிஸ்க், சர்வரோடு சேர்ந்து பூட்டப்படும்.

வி.பி.என். இல்லாமல் சர்வருக்குள் நுழைய முயலுங்கள். நுழைய முடியக் கூடாது.

வி.பி.என். வழியே ரிமோட் டெஸ்க்டாப்பிலோ எஸ்.எஸ்.ஹெச்.சிலோ நுழையுங்கள். நுழைய முடிய வேண்டும்.

சர்வரை முறைப்படி ஷட் டவுன் செய்திடுங்கள். இப்போது முதல் இரண்டு வாசல்களும் இல்லை. வி.பி.என். மட்டும் இன்னும் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இணைப்பு அறுந்துவிட்டால், பாதை சர்வர் வழியே போகிறது என்று அர்த்தம். இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

கன்சோலில் நுழைந்து, அங்கிருந்தே சர்வரை ஆன் செய்து, பயாஸ் திரை வருவதைப் பாருங்கள். பவர் வயர் இணைக்காத பெட்டி என்றால், பக்கத்தில் இருப்பவரைப் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள்.

கடைசியாக, முகவரிகள், சாதனங்களின் பெயர், எந்தப் பெட்டியை எந்த வரிசையில் ஆன் செய்வது என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி பின்னறைச் சுவரில் ஒட்டுங்கள். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதாதீர்கள்; அது பீரோவில் உறையிட்டு இருக்கட்டும். ஒவ்வொரு பெட்டியிலும் 1, 2, 3 என்று ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை போன் வரும்போது, "மூணாம் நம்பர் பெட்டியில் பச்சை லைட் எரியுதாண்ணே?" என்று கேட்டால் போதும். மற்றதை உங்கள் திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.